ஓவர்டிரைவை மட்டும் தனியாக வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரையுள்ள ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் அலறுகிறது. பழைய ஓவர்டிரைவ் ஒன்று விலைக்கு வருகிறது. இப்போதுள்ள கியர்பாக்ஸின் பின்னால் அதைப் பொருத்தலாமா?”

முடியாது. ஓவர்டிரைவ் என்பது, வேகம் குறையாமல் இன்ஜினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு. அது உள்ள கியர்பாக்ஸுக்கு மெயின்ஷாஃப்டே (உள்ளிருக்கும் முதன்மைத் தண்டு) வேறு. கியர்பாக்ஸோடு சேர்ந்த முழுத் தொகுதியாகவே வாங்குங்கள். 1967 இறுதியில் முதல் கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளின் ஓவர்டிரைவ் லேகாக் நிறுவனத்தின் டி வகை, பிந்தைய வண்டிகளுடையது எல்ஹெச் வகை. உங்கள் வண்டிக்கு எல்ஹெச்தான். டி வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்படாதீர்கள். எல்ஹெச் தொகுதியின் நீளம் உங்கள் கியர்பாக்ஸின் நீளமேதான். புரொப்பெல்லர் ஷாஃப்டை (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) மாற்ற வேண்டியதில்லை.

பலன் பெரிது. இப்போது 70 மைலில் நிமிடத்துக்குச் சுமார் 3,900 முறை சுற்றும் இன்ஜின், ஓவர்டிரைவ் போட்டதும் 3,200க்கு இறங்கிவிடும். நடுவிலுள்ள பல்சக்கரத்தை ஒரு கூம்புக் கிளட்ச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ள, இன்ஜின் 82 சுற்று சுற்றும்போது வெளியே 100 சுற்று கிடைக்கிறது. அந்தக் கிளட்சை நகர்த்துவது எண்ணெயின் அழுத்தம். ஆகவே கியர்பாக்ஸில் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள் எதையும் கலக்காதீர்கள், கிளட்ச் வழுக்கும்.

இந்த வண்டியில் இன்ஜினை விட்டுவிட்டு கியர்பாக்ஸை மட்டும் கழற்ற வழியில்லை. இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்ட பிறகு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பழைய கிளட்சையே திரும்ப மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் அப்போதே புதிதாக்கிவிடுங்கள்.

உள்ளே இறக்குவதற்கு முன், மேசையில் வைத்தே சோலனாய்டுக்கு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒலி கேட்க வேண்டும். அடுத்து, கியர்பாக்ஸின் மேலுள்ள தடுப்பு சுவிட்ச். மூன்றாம், நான்காம் கியர்களில் மட்டும் அது மின்சாரத்தை விட வேண்டும். கியரை ஒவ்வொன்றாகப் போட்டு சோதனை விளக்கால் பாருங்கள். தவறினால் சுவிட்சுக்கு அடியிலுள்ள மெல்லிய வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். இதில் அலட்சியம் கூடவே கூடாது: ரிவர்ஸில் ஓவர்டிரைவ் பிடித்தால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும். உள்ளே ஏற்றிவிட்டால் அந்தச் சுவிட்சைக் கை எட்டுவதே கடினம்.

கடைசியாக, ஸ்பீடோமீட்டர். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற எண் அதன் முகப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும் தொகுதி எந்த எண்ணுக்கு அமைந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளவு திருத்திக்கொள்ளுங்கள்.