பள்ளிக்கூடத்துக்குப் போற பணம்: உங்க கேள்வி, என் பதில்

கல்வித்துறையில அக்கவுன்ட்ஸ் பாத்து ரிட்டயர்டு ஆனவன் நான். ஸ்கூல் ஃபண்டு, வரி, வீண்செலவு பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, வரிசையா சொல்றேன்.

அண்ணே, அந்த 2,152 கோடி விவகாரத்துல தப்பு டெல்லி மேலயா, நம்ம ஆளுங்க மேலயா?

பள்ளிக் கல்விக்கு மத்திய, மாநில அரசு சேந்து காசு போடுற சமக்ர சிக்ஷா திட்டத்துல 100 ரூபா செலவுன்னா 60 டெல்லி தரணும், 40 நம்ம கவர்மென்ட் போடும். 2024-25க்கு டெல்லி தர வேண்டிய பங்குதான் அந்த 2,152 கோடி. பிஎம் ஸ்ரீங்கிற, சில பள்ளிகளை மாதிரிப் பள்ளியா மாத்துற மத்திய அரசுத் திட்டத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாதான் ரிலீஸ்னு நிறுத்திட்டாங்க, போட்டா புதிய கல்விக் கொள்கைய முழுசா ஏத்துக்கணும், மும்மொழியும் கூடவே வந்துரும்னு தமிழ்நாடு அரசு போடல. 2024 மார்ச்ல கையெழுத்து போடுறோம்னு நீங்களே லெட்டர் குடுத்தீங்களேன்னு டெல்லி கேக்குது, குடுத்தது உண்மைதான், ஆனா மாநில அரசு போடுற கமிட்டி சொல்றத வச்சு முடிவு பண்றோம்னுதான் அதுல இருந்துச்சு. என்னைக் கேட்டா டெல்லி பண்ணது அநியாயம் தம்பி. சமக்ர சிக்ஷா 2018லேர்ந்து ஓடுற திட்டம், பிஎம் ஸ்ரீ 2022ல வந்த வேற திட்டம், இதுல கையெழுத்து போடலன்னு அதோட காசை எப்படி புடிச்சு வைக்கலாம்? 2025 மே மாசம் வட்டியும் சேத்து 2,291 கோடி கேட்டு தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு.

வாத்தியார் சம்பளம்தான் வந்துச்சே சார், அப்புறம் ஸ்கூல்ல என்ன பாதிப்பு?

மாநில அரசு சொந்தக் காசைப் போட்டு சமாளிச்சதால வந்துச்சு. ஆனா பணம் இழுபறி ஆனா மொதல்ல அடி வாங்குறது சின்னச் செலவுதான். ஸ்கூல் மானியம்னு ஒண்ணு உண்டு, 30 புள்ளைங்க வரைக்கும் இருக்குற ஸ்கூலுக்கு வருஷத்துக்கு 10,000, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000. சாக்பீஸ், ரிஜிஸ்டர், பினாயில், பாத்ரூம் குழாய் ரிப்பேர் எல்லாம் இதுலதான், இது லேட்டானா ஹெச்எம் கைக்காசைப் போட்டுட்டு பில்லைப் பத்திரமா வச்சிருப்பாங்க. அதை விடக் கொடுமை, ஜூன்ல வர வேண்டிய காசு பிப்ரவரி கடைசில வந்து விழும், மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி யூசி, அதாவது செலவு பண்ணிட்டோம்ங்கிற சான்று, குடுன்னு ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன் வரும், அப்ப எது அவசரத்துக்குக் கெடைக்குதோ அதை வாங்கித்தான் கணக்கை முடிப்பாங்க, நான் சர்வீஸ்ல இருந்த காலம் பூரா இதைப் பாத்திருக்கேன். வீண்செலவு வீண்செலவுன்னு கத்துறோமே, அதுல பாதி இப்படிப் பொறக்குறதுதான்.

இன்கம் டேக்ஸ்ல கல்வி செஸ் கட்டுறோமே, அது எங்க போகுது?

செஸ்ங்கிறது வரிக்கு மேல போடுற கூடுதல் வரி. 2004ல 2 பர்சென்ட், 2007ல இன்னொரு 1, 2018லேர்ந்து சுகாதாரத்தையும் சேத்து 4. உங்க வரி 50,000 ரூபான்னா அதுக்கு மேல 2,000 செஸ். மத்த வரியில 41 பர்சென்ட் எல்லா மாநிலத்துக்கும் பிரிச்சுக் குடுக்கணும், செஸ்ஸை அப்படிப் பிரிக்க வேண்டியதில்ல, டெல்லி தன் கையில வச்சுக்கிட்டு திட்டம் வழியாத்தான் தரும். அந்தத் திட்டத்துக்குத்தான் இப்ப கண்டிஷன் போடுறாங்க. நீங்க கட்டுன காசுங்க அது, நல்லா கேளுங்க.

2022ல வீட்டு வரிய ஏத்துனாங்களே, அதுவும் ஸ்கூலுக்கா?

ஒரு பங்கு ஆமா. சென்னைல சொத்து வரிக்குள்ளயே கல்வி வரி இருக்கு, நூலக வரி தனியா 10 பர்சென்ட். ஏத்துனதை நான் எதுத்துப் பேச மாட்டேன், பல வருஷமா ஏத்தாமலே விட்டு ஒரேயடியா 150 பர்சென்ட் வரைக்கும் போனதுதான் தப்பு.

காலைச் சாப்பாடு, லேப்டாப் எல்லாம் வேஸ்ட்தானே?

ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க. வெறும் வயித்தோட வர்ற புள்ளைக்கு முதல் பீரியட் மண்டைல ஏறவே ஏறாது, வாத்தியாருங்க யாரை வேணா கேளுங்க. 2022 செப்டம்பர்ல 1,545 ஸ்கூல்ல ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் போயிருச்சு, இதுல ஒரு ரூபா குறைச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். லேப்டாப், ஸ்மார்ட் போர்டு வேற கதை, வாங்குறப்பவே சர்வீஸுக்கும் நெட்டுக்கும் காசு ஒதுக்கலன்னா ரெண்டே வருஷத்துல ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க.

46,767 கோடி பட்ஜெட்ல முக்காவாசி வாத்தியார் சம்பளத்துக்கே போகுதாமே?

பள்ளிக் கல்வித்துறைக்கு 2025-26 பட்ஜெட்ல ஒதுக்குனதுல பெரும்பங்கு சம்பளம்தான், ஸ்கூல்னாலே வாத்தியார்தானே. அதே துறையில ஓவியம், உடற்கல்வி எடுக்குற பகுதி நேர ஆசிரியர்கள் 2012லேர்ந்து இருக்காங்க, 5,000ல சேந்தவங்க 2025லயும் 12,500லதான் நின்னாங்க. அதையும் பேசுங்க.

ஆர்டிஈ சீட் என்னாச்சு சார்? என் பொண்ணுக்குக் காத்துக்கிட்டிருந்தோம்.

ஆர்டிஈ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாம தர்ற 25 பர்சென்ட் சீட்டுக்கான காசும் இதே சண்டைல மாட்டிக்கிச்சும்மா. 2025 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட், இதுக்கும் புதிய கல்விக் கொள்கைக்கும் முடிச்சுப் போடாதீங்கன்னு சொல்லிருச்சு, ஆனாலும் அந்த வருஷ அட்மிஷன் அக்டோபர்லதான் தொடங்குச்சு. அதுக்குள்ள பாதிப் பேர் கடன் வாங்கி வேற ஸ்கூல்ல சேத்துட்டாங்க.

எங்க ஊர் ஸ்கூலுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்காவாசி பெத்தவங்கதான் இருக்கணும், மொத்தக் குழுவுல பாதிப் பேர் பொம்பளைங்க, சட்டமே அப்படி. கூட்டத்துக்குப் போயி தீர்மான நோட்டையும் பாஸ்புக்கையும் காட்டச் சொல்லுங்க, பணம் எந்தத் தேதில ஏறுச்சுன்னு மொதல்ல பாருங்க. காட்டலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் குடுத்தாகணும்.