மர ரயில் மாடல் கிட்டில் சுவருக்குப் பின்னால் குச்சி ஒட்டச் சொல்வது ஏன்?

ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ரயில் நிலைய மர கிட்டில் சுவர்கள் மெல்லிய பலகைகளாக வரும். அவற்றின் உள்பக்கம் ஒட்டும் தாங்கு குச்சிகளுக்கு ‘பிரேசிங்’ என்று பெயர். பெயின்ட் அடிக்கும் முன்பே ஒட்டிவிட வேண்டும்.

காரணம் ஈரம். ஈரம் பட்டால் மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது. குறுக்கே நன்றாக விரியும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து பலகை வளையும். பசை தடவிய காகிதம் சுருண்டுகொள்ளுமே, அதே கதைதான். அதனால் குச்சி நாருக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இணையாக ஒட்டினால் பெரிய பயனில்லை. உள்பக்கமும் ஒரு கோட்டிங் கொடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், சுவர் வளைந்ததும் மட்டமான மரம் என்று கிட்டைத் திட்டுபவர்கள் உண்டு. நல்ல மரமும் ஒரு பக்கம் நனைந்தால் வளையத்தான் செய்யும்.