சைமன் நாவலில் வரும் மிரட்டல் நம்பும்படியாக இல்லையா?

மின்னஞ்சல்கள் வழியே வளரும் தன்பாலீர்ப்புக் காதல் கதையான ‘சைமன் வெர்சஸ் த ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா’வை வாசித்தவர்களில் சிலர், அதில் வரும் மிரட்டல் சப்பென்று இருக்கிறது என்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். சைமனோடு மடலாடும் ‘ப்ளூ’ யாரென்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

பெக்கி ஆல்பர்டல்லி எழுதி 2015இல் வெளிவந்த அந்த நாவலில், பதினாறு வயது சைமன், தன் பள்ளியிலேயே படிக்கும் முகமறியாத ப்ளூவுக்குப் புனைபெயரில் மடல் எழுதுகிறான். பள்ளி நூலகக் கணினியில் அவன் மூடாமல் விட்ட மின்னஞ்சலைப் பார்த்துவிடும் மார்ட்டின், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, சைமனின் தோழியிடம் தன்னை நெருக்கமாக்கிவிடும்படி கேட்கிறான். அவன் கேட்கும் தொனி அவ்வளவு சாதாரணமாக இருப்பதால், தான் மிரட்டப்படுவதே சைமனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது. குறை என்று பலர் சொல்லும் இந்த இடம்தான் எனக்கு மிக உண்மையாகப் பட்டது. சொந்த அனுபவத்தை வைத்து நாவலை அளக்கிறான் என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன்.

2011இல் நான் ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவன். ஊர் மண்டபம் பக்கம், அப்பாவுக்கு நாட்டுப்படகு. பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி மடல் எழுதுவேன். அவர் வைத்துக்கொண்ட பெயர் கச்சான், என் பெயர் கொண்டல். எதிரெதிர்த் திசைக் காற்றுகள். நேரில் பார்த்ததே இல்லை. (பார்க்காமல் காதல் வருமா என்று இந்த நாவலைக் கேலி செய்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?) ஒரு மாலை மின்வெட்டு வந்து திரை அணைந்தது, காசைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓடினேன். மின்சாரம் வந்தபின் ஃபயர்பாக்ஸ் பழைய பக்கத்தை அப்படியே மீட்டுக் கொடுத்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

மறுவாரம் போனபோது கடைக்கார அண்ணன், “தம்பி, ஒங்க மெயில் தெறந்து கெடந்துச்சு, நான்தான் மூடுனேன்” என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். சற்று நேரம் கழித்து, வளைகுடா வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருந்தேன்; அவருக்கு, அவர் மைத்துனருக்கு, மைத்துனரின் நண்பர்களுக்கு. அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை, என்னிடம் கணினிக்குக் காசும் வாங்கவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே தளர்த்தியிருந்தது. ஆனால் நான் அஞ்சியது சட்டத்துக்கு அன்று, அப்பா மீனை இறக்கும் ஏலக்கூடத்தில் நாலு பேர் சிரிப்பதற்கு. கச்சானுக்கு எழுதுவதைக் காரணம் சொல்லாமலே நிறுத்திவிட்டேன்.

சைமனுக்கு வாய்த்ததுபோல், உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் பெற்றோர் இங்கே யாருக்கு வாய்ப்பார்கள் என்று கேட்பவர்களை ஏற்கிறேன். ஆனால் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பது நான் முடிவு செய்ய வேண்டியது, அதை நீ பறித்துக்கொண்டாய் என்று அவன் மார்ட்டினிடம் வெடிக்கும் இடத்துக்கு, கதை நடக்கும் அமெரிக்காவின் அட்லாண்டா பக்கம் என்ன, என் மண்டபம் என்ன. ஆல்பர்டல்லிக்கும் வாசகர்கள் அதையே செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். எதிர்பாலீர்ப்புள்ள பெண் இதை எழுதலாமா என்று ஆண்டுக்கணக்கில் துளைத்து, தான் இருபாலீர்ப்பு உடையவர் என்று 2020 ஆகஸ்டில் அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள்.

ஆகவே வாங்குங்கள், மார்ட்டின் வரும் பக்கங்களை அவசரமாகக் கடக்காதீர்கள். கடைக்கார அண்ணனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. முதல் விடுமுறையில் பேரீச்சம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மகன் எழுத்தால்தான் பிழைத்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா இன்றும் அவரை நல்ல பிள்ளை என்கிறார். நான் ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.