பழைய வீடியோ கேமுக்கு என்ன விலை? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பரணில் கிடைத்த கேசட், அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் சிடிகள், ஏற்காட்டில் பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் அலமாரி என்று பல இடத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அம்மாபேட்டை: அண்ணா, எங்களிடம் பழைய டிவி கேமின் மஞ்சள் கேசட்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. மரியோ, கான்ட்ரா எல்லாம் உண்டு. மரியோ கேசட் கோடிக்கணக்கில் விற்றதாக வாட்ஸ்அப்பில் வந்தது. நம்முடையது எவ்வளவு போகும்?

தம்பி, அந்தச் செய்தி உண்மைதான். 2021 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் சூப்பர் மரியோ 64 கேசட் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அது கடையிலிருந்து வந்தபடியே சீல் பிரிக்காமல் இருந்தது, 9.8 என்று தர மதிப்பெண் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த விலையே நியாயமா என்று அப்போதே சேகரிப்பாளர்கள் நடுவில் பெரிய சண்டை. பிரித்து விளையாடிய மரியோவுக்கு அதில் ஒரு துளியும் கிடைக்காது. முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் மட்டும் உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, அபூர்வமே இல்லை.

உங்கள் மஞ்சள் கேசட் வேறு கதை. மரியோவைச் செய்த நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் கேம் மெஷின் 1983-ல் ஜப்பானில் வந்தது. அதன் கேசட்டின் அடியில் 60 பின். அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் கேசட்டுக்கு 72 பின். 90-களில் நம் வீடுகளில் ஓடியவை பெரும்பாலும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் மெஷின்கள், அவற்றுக்கான நகல் கேசட்டுகள். திறந்து பார்த்தால் சிப்புக்குப் பதில் கறுப்பாக ஒரு சொட்டு பசை உறைந்திருக்கும். '9999999 இன் 1' என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். இவற்றைத் தனித்தனியாக விற்று அலையாதீர்கள். அட்டைப்பெட்டி, ரிமோட் இரண்டு, துப்பாக்கி, அடாப்டர் எல்லாம் சேர்ந்த வேலை செய்யும் மெஷின் இருந்தால் அதோடு சேர்த்து ஒரே செட்டாகக் கொடுங்கள். சிறுவயது ஞாபகத்துக்காக வாங்குபவர்கள் செட்டுக்குத்தான் காசு தருவார்கள். துப்பாக்கி வேலை செய்கிறதா என்று எல்இடி டிவியில் பார்க்காதீர்கள், பழைய குண்டு டிவியில்தான் அது சுடும்.

ஐந்து ரோடு: நெட்டில் ஒரே கேமுக்கு 9,000-மும் போட்டிருக்கிறார்கள், 2,500-மும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள். அது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபே விற்பனைத் தளத்தில் விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. பிரைஸ்சார்ட்டிங் தளம் அப்படி விற்ற விலைகளைத் தொகுத்து வெறும் கேசட், பெட்டி-மேனுவலோடு முழுசு, சீல் பிரிக்காதது என்று தனித்தனியாகத் தருகிறது. நம் ஆட்கள் பலர் கையில் வெறும் கேசட்டை வைத்துக்கொண்டு சீல் விலையைப் படித்துவிட்டு வருகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசைக் கொடுத்தால் எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையைப் பெருக்கி, நிமிஷத்தில் தொகை சொல்லிவிடுவார்கள். கேமுக்கு அப்படித் தராசு கிடையாது. அதே கேம், அதே நாட்டுப் பதிப்பு, அதே நிலையில் சமீபத்தில் விற்றவை நான்கைந்தைப் பாருங்கள். ஆக உயர்ந்ததையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்களில் வரும் டாலர் விலையை அப்படியே ரூபாயாக்கிக் கேட்பதும் தப்பு. அது அமெரிக்கப் பதிப்புக்கு அமெரிக்காவில் இருப்பவர் கொடுத்த விலை. அங்கிருந்து ஒருவர் இங்கே வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் ஏறும். அதனால் இங்கே கிடைக்காத நல்ல பொருளுக்கு உள்ளூரில் கூடவும் கேட்கலாம். ஆனால் சேலத்தில் ஒரு நின்டெண்டோ 64 கேசட்டை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? சென்னை, பெங்களூரு ஆட்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸ்: என்னிடம் பிஎஸ்2 கேம்கள் நிறைய இருக்கின்றன. எது ஒரிஜினல், எதற்கு மதிப்பு?

முதலில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதா நிறமாக மின்னினால் எழுதிய காப்பி, மதிப்பு பூஜ்யம். ஒரிஜினல் பிஎஸ்2 டிவிடி வெள்ளி நிறம். சில பழைய கேம்கள் டிவிடி அல்ல, சிடி. அவற்றின் அடிப்பக்கம் நீலமாக இருக்கும். அது ஒரிஜினல்தான், காப்பி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிஎஸ்1 ஒரிஜினலின் அடி கறுப்பு.

பிஎஸ்2 மெஷினே உலகம் முழுக்க 15 கோடி எண்ணிக்கைக்கு மேல் விற்றது. அதனால் எல்லோரும் வாங்கிய கார் ரேஸ், கால்பந்து கேம்களுக்கு இன்று பெரிதாக எதுவும் வராது. பிளாட்டினம் என்று பட்டை போட்ட மறுபதிப்புக்கு முதல் பதிப்பைவிடக் குறைவு. கிரிக்கெட் 07 தேடி வருபவர்கள் அதிகம், ஆனால் பிரதிகளும் அதிகம். மேனுவலோடு சுத்தமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பேரம் பேசலாம்.

நான் முதலில் தேடுவது நம் ஊர் கேம்களை. 2009-ல் வந்த ஹனுமான்: பாய் வாரியர், தேசி அட்டா, 2010-ன் ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ், பிஎஸ்2-வின் காலமே முடிந்தபின் 2013-ல் வந்த டான் 2 எல்லாம் இந்தியாவில் இந்திய ஆட்களுக்காகச் செய்தவை. வெளிநாட்டில் பிரையன் லாரா பெயரில் வந்த 2007 கிரிக்கெட் கேம் இங்கே யுவராஜ் சிங் பெயரில் வந்தது. அந்த அட்டை வேறு நாட்டில் கிடையாது. விளையாட இவற்றில் பாதி சுமார்தான். ஆனாலும் சேகரிப்பவர் விளையாடவா வாங்குகிறார்? உறையில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள், இந்தியப் பிரதி என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

குகை: கீறல் விழுந்த சிடியைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் விலை கூடுமா?

தேய்த்தது தெரிந்தால் குறையும். எந்த இடத்தில் கீறல் என்பதுதான் முக்கியம். சிடியில் தகவல் இருப்பது படம் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டி. அடியில் கீறினால் மெஷினில் பாலிஷ் போட்டுச் சரி செய்யலாம். மேலே ஆழமாகக் கீறினால் அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசிப்புள்ளி மாதிரி ஒளி வந்தால் அங்கே தகவல் போய்விட்டது. டிவிடியில் தகவல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தாங்கும். பிஎஸ்3, பிஎஸ்4-ன் புளூ-ரே தட்டில் தகவல் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அந்த அடிப்பக்கத்தின்மேல் கடினமான பூச்சு உண்டு. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 டிவிடியில் வட்டமாக ஆழ்ந்த கீறல் இருந்தால், ஓடும்போது மெஷினை நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

ஏற்காடு: சார், பெட்டிகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைத்துவிட்டு விற்கலாமா?

1,500 மீட்டர் உயரம், பாதி வருடம் பனிமூட்டம். மலையில் மூடிய அலமாரிக்குள் அட்டைப்பெட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். ஈரத் துணி கூடாது. வெளியே எடுத்து நிழலில் நன்றாகக் காய விட்டு, மெல்லிய பிரஷால் தட்டி, சிலிக்கா ஜெல் பையோடு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். விற்கும்போது கறையைப் படத்தில் காட்டுங்கள். பார்சல் பிரித்தபின் அந்த வாசனை வந்தால் வாங்கியவர் எப்படியும் திருப்பி அனுப்புவார்.

ஓமலூர்: கேம்பாய் அட்வான்ஸ் கைக்கருவிக்கான போகிமான் எமரால்டு கேசட் வாங்கப் போகிறேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வருகிறது. டூப்ளிகேட்டா?

அந்தச் செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரிஜினல் எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். தீர்ந்தாலும் சேவ் (விளையாட்டை நிறுத்திச் சேமித்த இடம்) அழியாது. பழைய போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில்தான் பேட்டரி போனால் சேவும் போகும். ஒரிஜினல் எமரால்டின் ஓடு உள்ளே தெரிகிற பச்சை. லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு இலக்க எண் ஒன்று அழுந்திப் பதிந்திருக்கும். பின்களுக்கு மேலே சர்க்யூட் பலகையில் நின்டெண்டோ பெயர் தெரியும். பின்பக்கத் திருகாணி மூன்று கை உள்ளது. சாதா நட்சத்திரத் திருகாணி இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், இல்லை டூப்ளிகேட். பளபளவென்று புதிதாய் இருக்கிறது, விலையும் சல்லிசு என்றால் இன்னும் உஷாராக இருங்கள்.

சூரமங்கலம்: சீல் பிரிக்காத பிஎஸ்3 கேம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பித் தர மதிப்பெண் வாங்கலாமா?

வேண்டாம். போக வர செலவும் கட்டணமும் சேர்ந்து அந்த கேமின் விலையைத் தாண்டிவிடும்.

கன்னங்குறிச்சி: கடைக்காரர் மொத்தத்துக்கும் ஒரு தொகை சொல்கிறார். நான் கணக்குப் போட்டதில் பாதிகூட வரவில்லை. ஏமாற்றுகிறாரா?

அவர் வாடகை கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்க வேண்டும், விற்காத பத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். பாதி சொன்னால் நல்ல ஆள் என்றுதான் நான் சொல்வேன். நல்ல நான்கைந்தை மட்டும் எடுத்து வைத்துத் தனியாக நேரடி ஆளுக்கு விற்றுப் பாருங்கள். மீதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நேரில் வாங்க வருபவரிடம் மெஷினில் போட்டு ஓட்டிக் காட்டி, ஒரு முறை சேவ் செய்து அணைத்துத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் பணம் வாங்குங்கள்.