எழுத்து வராத பிள்ளைக்கு நூலகம் எதற்கு?

"குடியாத்தத்தில் இருக்கிறோம். எனக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. பக்கத்து வீட்டுப் பிள்ளை அ, ஆ எல்லாம் எழுதுகிறது. இவள் நோட்டைக் கண்டாலே ஓடுகிறாள். பகலில் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவதும் தெலுங்கு. நூலகத்துக்குக் கூட்டிப்போனால் பலன் இருக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இருக்கும் அம்மா. ஆனால் முதலில் அந்த நோட்டை எடுத்து உள்ளே வையுங்கள். தமிழ் எழுத்து மொத்தம் 247. உயிர் 12, மெய் 18 தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைக்கு அப்படி இல்லை. 'கே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இது பிடிபட ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு ஆகும். ஆகட்டும். புத்தகத்துக்குள் ஒரு கதை இருக்கிறது, இந்தக் கோடுகள்தான் அதைச் சொல்கின்றன என்பது இப்போது அவளுக்குப் புரிந்தால் போதும்.

தெலுங்கு பேசுவது குறையே இல்லை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் அச்சுத் தமிழ் புதுசுதான். "நரி கிணற்றருகே சென்றது" என்று நம் ஊரில் யார் பேசுகிறார்கள்? "நரி கெணத்தாண்ட போச்சு" என்றுதானே சொல்கிறோம். அதனால் அச்சில் இருக்கிற வரியை அப்படியே ஒருமுறை வாசியுங்கள், அப்புறம் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லுங்கள். கதை தெலுங்கில் புரிந்துவிட்டால் தமிழ் வரியும் மெல்லக் காதில் உட்காரும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அவர்தான் சரியான ஆள். கொடியில் காயும் புடவையை ஆடு மேய்கிற மாதிரி ஒரு படம் என்று வையுங்கள். "ஆடு என்ன பண்ணுது?" என்று அவ்வா (பாட்டி) கேட்கட்டும். "துணி தின்னுது" என்பாள் பிள்ளை. "ஆமா, அம்மாவோட ஈரப் புடவையைத் தின்னுது. அம்மா பாத்தா என்ன ஆகும்?" பிள்ளை சொன்ன இரண்டு வார்த்தையோடு இன்னும் இரண்டைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்ததை அவள் சொல்லக் காத்திருக்க வேண்டும். எல்லாம் தெலுங்கிலேயே நடக்கலாம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு மாதம் இதைச் செய்து பார்த்தார்கள். வெறுமனே வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட, இப்படிக் கேள்வி கேட்டுப் பேசவைத்த குழந்தைகளின் பேச்சு முந்தியது.

இரவில் நீங்கள் அலுத்து வருவீர்கள். பத்து நிமிடம் போதும். தினமும் ஒரே புத்தகத்தையே கேட்டால் அதையே வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியில் பாதியில் நிறுத்துங்கள், மீதியை அவள் முடிப்பாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். "இது என்ன எழுத்து?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கதை பரீட்சையாகிவிடும், புத்தகத்தைக் கண்டும் ஓடுவாள்.

சரி, நூலகம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது, ஆகவே கூச்சமில்லாமல் போங்கள். கிளை நூலகத்துக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்களுக்கு ஞாயிறு தோதுப்படும். ஆதாரைக் கொண்டுபோய் உங்கள் பெயரில் உறுப்பினராகிவிடுங்கள். கட்டும் காப்புத்தொகை பிறகு திரும்பக் கிடைக்கும். உள்ளே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள், உங்கள் மகள் வாய் திறந்தால் நாலு தலை திரும்பும். அங்கே உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், அவளே அலமாரியில் கைவிட்டு எடுக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தடியான நீதிக்கதைத் தொகுப்பைத் தவிர்த்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ளதாகக் கேளுங்கள். பிடித்தமானது கிடைக்காவிட்டால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், தெலுங்கிலும் உண்டு. போனில் காட்டினால் பிள்ளை கதையை விட்டுப் போனைக் கேட்கும், கடையில் பிரிண்ட் எடுத்துவிடுவது நல்லது.

எழுத்து வேண்டும் என்றே தோன்றினால் பேருந்து நிலையத்தில் காட்டுங்கள். காட்பாடியின் 'கா', வேலூரின் 'வே', அவள் பெயரின் முதல் எழுத்து எந்த போர்டில் இருக்கிறது என்று தேடட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தெலுங்கிலும் மூன்று நான்கு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது வேறு விஷயம். வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ காதைப் பரிசோதித்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.