‘டு’ வந்தால் ‘இங்’ வரக்கூடாதா?

கேள்வி: என் மகன் வேலைக்கு மனுப் போட்ட கடிதத்தை ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடித்திருந்தான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ‘ஹியர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹியரிங்’ என்று எழுதினார். ‘டு’வுக்குப் பின்னால் வினைச்சொல்லின் முதல் வடிவம்தான் வரும் என்று பள்ளியில் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எப்படி வேண்டுமானாலும் பேசுவான், நாம் மட்டும் இலக்கணம் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வாத்தியார் சொன்னதுதான் சரி. அவரோடு மல்லுக்கட்டாமல் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

உங்களுக்குப் பள்ளியில் சொன்னது பொய்யில்லை, பாதி. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு உண்டு. ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் வருகிற ‘டு’ வினையோடு சேர்ந்தது. நம் ‘போக’ என்பதில் கடைசி ‘அ’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘ஐ வென்ட் டு மதுரை’ என்பதில் வருகிற ‘டு’ நம் ‘கு’ உருபு: மதுரைக்கு. ‘லுக் ஃபார்வர்டு’ என்பதன் பின்னால் நிற்பது இந்த இரண்டாவது ஆள். ‘கு’ உருபு எதில் ஒட்டும்? பெயரில். ‘போக’வோடு சேர்த்து ‘போகக்கு’ என்று யாராவது சொல்வார்களா? ‘போவது’ என்று பெயராக்கிய பிறகுதானே ‘போவதற்கு’ என்கிறோம்? நாம் ‘அது’ போட்டுச் செய்வதை ஆங்கிலக்காரன் ‘இங்’ போட்டுச் செய்கிறான். உங்கள் மகன் எழுதியது ஆங்கிலத்துப் ‘போகக்கு’.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு இட்’ நிற்கிறது. ‘வான்ட் டு இட்’ விழுந்துவிடுகிறது.

இரண்டு ‘டு’வும் பிறப்பில் ஒன்றுதான் என்பது வேறு கதை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘டு’ திசையைக் காட்டும் சொல். அது வினைக்கு முன்னால் வந்தால், வினையின் வாலில் நான்காம் வேற்றுமை போல ஒரு விகுதியும் கூடவே வரும். காலப்போக்கில் அந்த விகுதி தேய்ந்து உதிர்ந்தது. ‘டு’ மட்டும் முன்னால் நின்றுவிட்டது. ஆக உங்கள் குழப்பத்துக்கு ஆயிரம் வருடப் பாரம்பரியம் இருக்கிறது. பெருமைப்படலாம், மனுவில் எழுதக்கூடாது.

‘வெள்ளைக்காரன் எப்படி வேண்டுமானாலும் பேசுவான்’ என்கிறீர்கள். பேசமாட்டான். ‘ஐ ஆம்’ என்பதை விழுங்கிவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ என்று முடிப்பான், அது உண்மை. ஆனால் ‘இங்’கை விழுங்கமாட்டான். ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர் வாயில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு சீ யூ’ சாதாரணமாக வராது. ‘டு சீ யூ’ வேண்டுமென்றால் ‘கான்ட் வெயிட் டு சீ யூ’ என்பார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாத்தியாரிடம் போய்க் கொளுத்திப் போடாதீர்கள்: ‘வி ஆர் லுக்கிங் டு பை எ ஹவுஸ்’ என்று எழுதினால் அது சரி. வீடு வாங்கும் யோசனையில் இருக்கிறோம் என்று பொருள். அங்கே வருவது முதல் ‘டு’. நடுவில் ‘ஃபார்வர்டு’ நுழைந்தால் ஆள் மாறிவிடுகிறது.

இதெல்லாம் ஓர் எழுத்துச் சண்டை. நம் ஆட்கள் உண்மையில் வழுக்கி விழுவது பொருளில். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘எதிர்பார்’ என்று நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. மழையையும் எதிர்பார்ப்போம், மாப்பிள்ளையையும் எதிர்பார்ப்போம், தேர்வில் தோல்வியையும் எதிர்பார்ப்போம். ஆங்கிலத்தில் நடக்கும் என்று நினைப்பது ‘எக்ஸ்பெக்ட்’. நடக்கப்போகிறதே என்று மகிழ்வது ‘லுக் ஃபார்வர்டு’. வானிலை அதிகாரி புயலை ‘எக்ஸ்பெக்ட்’ பண்ணலாம். ‘லுக் ஃபார்வர்டு’ பண்ணினால் அவரை வேறு டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழில் முறையாக ‘தங்கள் வரவை எதிர்பார்க்கும்’ என்று போட்டுக் கீழே உறவினர் பெயர்கள். ஆங்கிலத்தில் அதையே ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்று ஆக்கியிருந்தார்கள். பெரியவர் போனதில் குடும்பமே குதூகலமாக இருப்பது போல ஒரு தோற்றம். சொத்துத் தகராறு தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

மகிழ்ச்சி இல்லாத இடத்தில் அவர்கள் இதை எதிர்மறையாகத் திருப்பிப் போடுவார்கள். நாளைக்குப் பல் பிடுங்க வேண்டும், ‘ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பதை இவ்வளவு அடக்கமாகச் சொல்கிறார்கள். நேர்மாறாக, கடன் கொடுத்தவர் எழுதும் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் பேமென்ட்’ என்பதில் மகிழ்ச்சியும் இல்லை, வெட்கமும் இல்லை. பணத்தை எடுத்து வை என்று பொருள். கடிதத்தின் கடைசி வரியில் இந்தத் தொடர் வந்தால், தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு சந்தோஷப்படுங்கள்.

‘லுக்கிங் ஃபார்வர்டு ஃபார் யுவர் ரிப்ளை’ என்று இன்னொரு கோஷ்டி எழுதுகிறது. இது ‘லுக் ஃபார்’ என்பதையும் ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது. ஒரு காலத்தில் ‘லுக் ஃபார்’ என்பதற்கே காத்திருத்தல் என்ற பொருள் உண்டு. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் யோவானின் சீடர்கள் இயேசுவிடம், வருகிறவர் நீர்தானா, அல்லது நாங்கள் இன்னொருவருக்காக ‘லுக் ஃபார்’ செய்யவா என்று கேட்கிறார்கள். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் காத்திருப்பது என்றே சொல்கிறது. இன்றைக்கு ‘லுக் ஃபார்’ என்றால் தொலைந்த சாவியைத் தேடுவது. பதிலைத் தேடி நீங்கள் அவர்களுடைய அலுவலக அலமாரியைக் குடையப் போவதில்லையே?

மகனிடம் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றே எழுதச் சொல்லுங்கள். ‘ஐ ஆம் லுக்கிங்’ என்று நீட்டினால் கொஞ்சம் நெருக்கம் தொனிக்கும். அது நண்பனுக்குப் போதும், முன்பின் தெரியாத மேலாளருக்கு வேண்டாம். வினையே பயமாக இருந்தால் ‘டு யுவர் ரிப்ளை’ என்று பெயர்ச்சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், மனுவுக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். இதற்கு எங்கள் இதழ் வெளிவரும்வரை காத்திருந்தீர்கள் என்றால் அது அநேகமாகப் போயிருக்கும்.