லாவெண்டரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

வணக்கம் ஐயா,

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் மூன்றாம் முறையாக லாவெண்டர் வைத்தேன். இதுவும் போய்விட்டது. தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றினேன். இலை தொங்கியதும் இன்னும் கூடுதலாக ஊற்றினேன். சென்னை வெயில்தான் காரணமா? என்ன உரம் போடுவது? ஏ.சி. அறையில் வைத்தால் பிழைக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உரத்தை விடுங்கள். சத்தில்லாத கல்மண்ணில் பழகிய செடி அது. வெயிலையும் விடுங்கள். மத்தியதரைக் கடலோரத்துச் சரிவுகளில் வளர்வதற்கு வெயில் புதிதா என்ன? நம் புழுக்கமும், தை மாதத்தில்கூடக் குளிராத இரவுகளும்தான் அதற்கு ஒவ்வாதவை. நம் நாட்டில் அதைச் சாகுபடி செய்வது ஜம்முவின் பதேர்வா போன்ற குளிர்ந்த மலைப்பக்கங்களில். நர்சரிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் உங்கள் செடிகள் செத்தது அதனாலும் இல்லை. வாக்குமூலம் கடிதத்திலேயே இருக்கிறது: தொங்கியதும் ஊற்றினேன், இன்னும் ஊற்றினேன். வேருக்கும் மூச்சு உண்டு, அம்மா. மண்ணில் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. அதனால் சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நீங்கள் வாட்டத்தைப் பார்த்தீர்கள், மண்ணைப் பார்க்கவில்லை. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? கை சும்மா இருக்கமாட்டாமல் ஊற்றிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். இது உங்கள் மீதுள்ள கோபம் இல்லை.

என் அம்மா போனபிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. அப்போது மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடியில் இருந்தோம். அம்மா வைத்த திருநீற்றுப்பச்சிலை ஒன்று பால்கனியில் மிஞ்சியிருந்தது. விடிகாலையில் அதற்கு ஊற்றுவார். பேப்பர் படித்துவிட்டு வந்து, "இந்தச் செடியை ஒருவரும் கவனிப்பதில்லை" என்று மறுபடியும் ஊற்றுவார். நாளைக்கு ஆறேழு முறை. துணி நனைகிறது என்று கீழ்வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். பூவாளியைப் பரணில் ஒளித்துவைத்தேன். குடிக்க வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ள, செடி தண்டோடு கறுத்துச் சாய்ந்தது. "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று கத்தினேன். 78 வயது அவருக்கு. தொட்டியைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "நான் இன்றைக்கு ஊற்றவே இல்லையே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை.

நான்காவது செடி வாங்குவதானால் மழைக்காலம் முடியட்டும். இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும் வகையைக் கேளுங்கள், அது நம் ஊரைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மண் தொட்டி, செம்மண்ணோடு சரிபாதி பருமணல். கோகோ பீட் என்கிற தேங்காய் நார்த்தூள் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். தொட்டிக்கு அடியில் தட்டும் வைக்காதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை படாத, ஆனால் வெயில் விழும் ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

ஏ.சி. அறை கேட்டிருந்தீர்கள் இல்லையா? வேண்டாம். அங்கே வெயிலுக்கு எங்கே போவது?